உள்ளே திரும்பும் முடி

கார்த்திகை பிறந்து அய்யப்பனுக்கு மாலை போட்டுக்கொள்ளும் ஆண்களில் சிலர் இதைக் கவனித்திருப்பார்கள். தாடைக்குக் கீழே, குரல்வளையின் இரண்டு பக்கமும் ஆண்டு முழுக்க வந்து வந்து போகும் சின்னச் சின்னக் கட்டிகள், விரதத்தின் முதல் வாரம் பத்து நாள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தாடி வளர வளர அடங்கிவிடும். மலைக்குப் போய்வந்து, மாலையைக் கழற்றி, சலூனில் உட்கார்ந்து மழமழவென்று சவரம் செய்துகொண்டால் இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் திரும்ப முளைக்கும்.

"மாலை போட்டா நின்னுக்குதுங்ண்ணா, கழட்டினா வந்துக்குது. ரத்தத்துல ஏதாச்சும் கோளாறு இருக்குமுங்களா?" சங்ககிரியில் ஒரு டீக்கடை பெஞ்சில் இப்படிக் கேட்டார் டிரெய்லர் ஓட்டும் தம்பி ஒருவர். கழுத்து முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். நடுநடுவே சிவந்த கட்டிகள். ஒன்றிரண்டில் மஞ்சளாகச் சீழ் முனை.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லைங்க தம்பி. உங்க முடியேதான் உங்களைக் குத்துது" என்றேன். அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். சேலத்திலிருந்து நாமக்கல் வரை வண்டித் தொழிலை நம்பி இருக்கும் ஆண்களுக்கு இந்தத் தொல்லை முகத்தோடு நின்றுவிடுவதில்லை.

தோலுக்குள் இருக்கும் ஒரு சின்னக் குழியிலிருந்துதான் ஒவ்வொரு முடியும் வளர்கிறது. நேர்முடி என்றால் வெளியே வந்து தன் போக்கில் போய்விடும். சுருட்டை முடிக்கு அந்தக் குழியே வளைந்திருக்கும். வெளியே வந்த முடியும் தோலைப் பார்த்தே வளையும். தலைமுடி நேராக இருப்பவர்களுக்கும் தாடைக்குக் கீழே உள்ள முடி சுருண்டும் சுழித்தும் இருப்பது உண்டு. வெட்டாமல் விட்டால் இதனால் கெடுதல் இல்லை. இயல்பாக வளர்ந்த முடியின் நுனி மெலிந்து மென்மையாக இருக்கும், தோலைத் துளைக்காது. பிளேடு பட்ட முடியின் நிலை வேறு. சோளத்தட்டு அறுத்த காட்டில் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும், அரிவாள் சாய்வாக இழுத்த ஒவ்வொரு அடிக்கட்டையும் ஒரு முள். சவரம் செய்த தாடையும் அப்படிப்பட்ட காடுதான். அந்தக் கூர்முனை வளர்ந்து, வளைந்து, தான் வெளியே வந்த துளைக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி மறுபடியும் தோலுக்குள் இறங்கிவிடுகிறது. உள்ளே வந்தது தன் முடிதான் என்று உடம்புக்குத் தெரியாது. முள் தைத்தால் என்ன செய்யுமோ அதையே செய்கிறது: சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் கட்டுகிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. ரேசர் வாங்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜில்லெட் நிறுவனம் 1971-இல் இரண்டு பிளேடு பொருத்திய ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு மூன்று, நான்கு, ஐந்து என்று அடுக்கு கூடிக்கொண்டே போனது. முதல் பிளேடு முடியைப் பிடித்துச் சற்று வெளியே இழுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு அடியில் வெட்டிவிடும். வெட்டுப்பட்ட முனை தோல்மட்டத்துக்குக் கீழே போய் நிற்கும். தடவினால் கன்னம் கண்ணாடி மாதிரி இருப்பது அதனால்தான். முடி திரும்ப வளரும்போது, அந்தக் கூர்முனை வெளியே வராமலேயே குழியின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போகிறது. கையால் தோலை இழுத்துப் பிடித்துச் சவரம் செய்தாலும், கீழிருந்து மேலாக எதிர்த்து இழுத்தாலும் இதே விளைவுதான். எவ்வளவு மழமழப்பு வேண்டுமென்று கேட்கிறீர்களோ, அவ்வளவுக்கு இந்தக் கட்டிகளை வரவேற்கிறீர்கள்.

உலகத்தில் இந்தத் தொல்லை அதிகம் படுத்துவது ஆப்பிரிக்க வழிவந்த ஆண்களை. அமெரிக்கக் கறுப்பின ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சில ஆய்வுகளின்படி அதற்கும் மேல், இது உண்டு. நித்தமும் சவரம் செய்தே ஆகவேண்டிய ராணுவத்தில் இது பெரிய வழக்காகவே ஆனது. பிளேடைத் தொடாமல் தாடியைக் குட்டையாக விட்டுக்கொள்ள அங்கே மருத்துவர்கள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. முடியின் உறையை உருவாக்கும் கெரட்டின் மரபணு ஒன்றில் சின்ன மாற்றம் இருப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல் என்று 2004-இல் கண்டார்கள். ஆகவே அழுக்காக இருப்பதால் வருகிறது, சூட்டு உடம்பால் வருகிறது என்று யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

இனி வைத்தியம். தம்பிக்கு அய்யப்பன் மாலை காட்டிக்கொடுத்ததுதான் முதல் வைத்தியம். மூன்று நான்கு வாரம் பிளேடை முகத்தில் வைக்காமல் இருக்க வேண்டும். முதல் சில நாள் கட்டி கூடுவது போலத் தெரியும். அதற்குப் பயந்துதான் பலர் பாதியில் சவரம் செய்துவிடுகிறார்கள். பொறுத்துக்கொண்டால், உள்ளே மாட்டிக்கொண்ட முடி வளர்ந்து, தன் நீளத்தின் விசையாலேயே வில் போல நிமிர்ந்து வெளியே வந்துவிடும். காலையும் இரவும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஐந்து பத்து நிமிடம் ஒத்தடமாக வைத்தால் தோல் இளகும். நன்றாக வெளிச்சத்தில் பார்த்து, முடி வளையமாகத் தோலுக்கு மேலே தெரிந்தால் மட்டும், சுத்தம் செய்த ஊசியின் முனையை அந்த வளையத்துக்குள் விட்டு மெதுவாகத் தூக்கிவிடலாம். அவ்வளவோடு நிறுத்த வேண்டும். பிடுங்கக் கூடாது. பிடுங்கிய முடி மறுபடி வளரும்போது தோலுக்கு அடியிலிருந்தே தொடங்கும், அங்கேயே குத்தும். சட்டை ஊக்கால் தோண்டுவதும், கட்டியைப் பிதுக்குவதும் தழும்பில்தான் முடியும். சிலருக்கு அந்தத் தழும்பு தடித்து மேடாகவே நின்றுவிடுகிறது.

பிறகு தாடி வேண்டாம் என்பவர்கள், டிரிம்மர் வைத்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முடியை விட்டு வெட்டிக்கொள்வது நல்லது. முகம் சுத்தமாகவே தெரியும். என்னைக் கேட்டால் இதையே முதலில் சொல்வேன், செலவும் குறைவு. போலீஸ், பட்டாளம், தனியார் பள்ளி, மருந்துக் கம்பெனி என்று முழுச் சவரம் கட்டாயமான வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் பிளேடைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளித்த பிறகு சவரம் செய்யுங்கள். நனைந்த முடி மெத்தென்றாகும், வெட்டுமுனையின் கூர் குறையும். நுரை போட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிடுங்கள். ஒற்றைப் பிளேடு, அதுவும் புதுசு. தோலை இழுக்காமல், அழுத்தாமல், முடி படுத்திருக்கும் திசையிலேயே ஒரு முறை. கழுத்தில் முடி ஒரே திசையில் இருக்காது. மூன்று நாள் தாடியில் விரலை எல்லாப் பக்கமும் ஓட்டிப் பார்த்தால் எந்தப் பக்கம் வழுக்குகிறது, எந்தப் பக்கம் சொரசொரக்கிறது என்று தெரிந்துவிடும். வழுக்கும் பக்கம்தான் உங்களுக்கான திசை.

சலூனுக்குப் போகிறவர்கள் நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும்: "அண்ணா, ஒரு தடவ போதும், மேல இழுக்க வேண்டாங்க." இரண்டாம் முறை நுரை போட்டு எதிர்த்திசையில் இழுப்பது நம் ஊர்க் கடைகளில் நல்ல வேலைக்கு அடையாளம். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் உங்களுக்குக் குறை வைப்பதாக நினைத்துச் செய்துதான் விடுவார். எய்ட்ஸ் பயம் வந்த பிறகு ஆளுக்கொரு புது பிளேடு போடும் நல்ல பழக்கம் கடைகளுக்கு வந்தது. கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதை அது தடுக்கும். முடி உள்ளே போவதை அது தடுக்காது. கடைசியில் தேய்க்கும் படிகாரமும் ரத்தக் கசிவை நிறுத்தும், தோலை இறுக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மருந்து என்று வந்தால், தோல் மருத்துவர்கள் இரவில் பூச அடாபலீன் போன்ற களிம்பையும், சீழ் இருந்தால் பென்சாயில் பெராக்சைடையும் எழுதித் தருவார்கள். பின்னது துண்டு, பனியனை வெளுத்துவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு பூசுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கழுத்தைக் காட்டி "ஒரு ட்யூப் கொடுங்க" என்று வாங்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. அப்படிக் கைக்கு வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. நான்கே நாளில் சிவப்பு மறையும், அதனால் நம்பிக்கை வரும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகத் தெரிந்து, பருவும் படர்தாமரையும் பெருகும். தோல் மருத்துவர்கள் தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்காத கடையிலும் நீங்கள் கேட்காமல் இருக்கலாம். கட்டி வட்டமாகப் படர்ந்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கக்கூடும், அதற்கு மருந்து வேறு. எங்கு பார்த்தாலும் சீழ்க்கட்டி வந்துகொண்டே இருந்தால் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

கட்டி போன பிறகும் கறுப்புப் புள்ளிகள் பல மாதம் இருக்கும். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் தானாகவே மங்கும். எதற்கும் அடங்காதவர்களுக்கு லேசர் உண்டு. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. விலை மலிவு என்று வேறு ஏதாவது கருவியில் உட்கார்ந்தால் தோல் வெந்துபோகலாம். எந்த லேசர் என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பிடரியில் ஒட்ட வெட்டிக்கொள்பவர்களுக்கு அங்கேயும் மணி மணியாகக் கட்டி வந்து தடித்துப்போவது உண்டு. அக்குளிலும் தொடையிடுக்கிலும் பிளேடு போடுபவர்களுக்கும் இதே கதைதான், டிரிம்மர் போதும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, இரண்டாவது டீ வந்த பிறகு, அந்தத் தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொரு எடத்துலயும் இருக்குதுங்ண்ணா. முதுகுத்தண்டு முடியற எடத்துல. சீட்ல உக்கார முடியறதில்ல. நாலு மாசத்துக்கு ஒருக்கா ஒடையுது, ஜட்டியில கறையாகுது. பவுத்திரம்னு ஒருத்தர் சூரணம் குடுத்தாருங்க."

எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். இரண்டு பிட்டங்களுக்கும் நடுவே, வால் எலும்புக்கு மேலே உள்ள பிளவில் முடி உள்ளே இறங்கி, தோலுக்கடியில் பை போலக் குழியாகி, அதற்குள் முடியும் சீழுமாகச் சேர்வதற்கு மருத்துவத்தில் பைலோனிடல் சைனஸ் என்று பெயர். பருவ வயதிலிருந்து நாற்பது வயதுக்குள், பெண்களைவிட ஆண்களுக்கு, உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு அதிகம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் 1941 முதல் 1945 வரை சுமார் 80,000 பேர் இதற்காக மருத்துவமனையில் படுத்தார்கள். கரடுமுரடான பாதையில் ஜீப்பில் குலுங்கிக்கொண்டே போனவர்கள் பலர் அதில் இருந்ததால், லூயி புயி என்ற அறுவை மருத்துவர் 1944-இல் இதை ஜீப் நோய் என்றே எழுதினார். ஜீப்பை எடுத்துவிட்டு நாமக்கல் லாரியை அங்கே வைத்துப் பாருங்கள். ரெக்சின் சீட், எஞ்சின் சூடு, நனைந்து ஒட்டிய லுங்கி, நாக்பூர் வரை இறங்காத ஓட்டம். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கருக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் போய் மாதக்கணக்கில் வண்டியிலேயே கிடப்பவர்களுக்குக் குளியலும் நிச்சயமில்லை. 1.10.2025 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்ல விதி. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில் வேர்வை வேர்வையாகவே இருக்கும்.

உதிர்ந்த முடி எப்படித் தோலுக்குள் போகும் என்று தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு முடியைத் தரச் சொன்னேன். ஒரு கையால் வேர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் இரு விரலால் வேரிலிருந்து நுனியை நோக்கி உருவினால் வழுக்கிக்கொண்டு போகும். நுனியைப் பிடித்து வேரை நோக்கி உருவினால் விரலைப் பிடித்துப் பிடித்து நிற்கும். முடியின் மேல் செதில்கள் இருக்கின்றன. எல்லாம் நுனியைப் பார்த்தே சாய்ந்திருக்கின்றன. நாம் உட்கார்ந்து எழும்போது, பிளவில் சிக்கிய முடியை இரண்டு பக்கத் தசையும் தேய்த்து உருட்டினால், அது வேர்ப்பக்கமாகவே முன்னேறும். செதில் அதைப் பின்னால் வர விடாது. கிரேக்க ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்த கரிடாக்கிஸ் இதை மூன்று காரணமாகப் பிரித்தார்: நுழையும் முடி, அதை அழுத்தும் விசை, வேர்வையில் ஊறி இளகிய தோல். ஒன்றைக் குறைத்தாலும் நோய் குறையும்.

முடி வெளியிலிருந்துதான் வருகிறது என்பதற்கு இன்னொரு சாட்சி, முடிதிருத்தும் தொழிலாளியின் கை. 1948-இல் லண்டனில் பேட்டி, ஸ்கார்ஃப் என்ற இரு மருத்துவர்கள், ஒரு முடிதிருத்துபவரின் விரல் இடுக்கில் இதே போன்ற குழியும் அதற்குள் வாடிக்கையாளர்களின் முடியும் இருந்ததை எடுத்துக்காட்டினார்கள். பால் கறப்பவர்களின் விரலிடுக்கில் மாட்டு முடி இப்படி ஏறியிருப்பதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் வால் எலும்புப் பைகளைத் திறந்து உள்ளே இருந்த முடியை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அதில் பெரும்பகுதி வேரில்லாத, கூர்முனை கொண்ட, குட்டைத் துணுக்குகள். பிடரியில் வெட்டப்பட்டு, முதுகு வழியாக இறங்கி வந்த தலைமுடி.

முடி வெட்டியதும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அதற்குப் பின்னால் தீட்டு என்ற அநியாயமான எண்ணம் இருந்தது, அது ஒழியட்டும். குளியலை வைத்துக்கொள்ளலாம். பிடரியிலிருந்து இடுப்பு வரை தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் குளித்து, போட்டிருந்த பனியனையும் மாற்றிவிட வேண்டும். நம் தலைமுடியால் உண்மையில் ஆபத்தில் இருப்பவர் நமக்கு முடி வெட்டியவர்தான். அவர் ஒவ்வொரு நாளும் கடையடைக்கும் முன் விரலிடுக்குகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒட்டிய துணுக்கை எடுத்துவிடுவதும், செருப்புக்குப் பதில் மூடிய ஷூ போட்டு நிற்பதும் அவருக்குப் பாதுகாப்பு.

தம்பி சொன்ன பவுத்திரத்துக்கு வருவோம். பேருந்து நிலையச் சுவரெல்லாம் மூலம், பவுத்திரம் என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பதால், பின்பக்கம் எந்தக் கட்டி வந்தாலும் அதுதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பவுத்திரம் ஆசனவாயோடு தொடர்புள்ளது, துளை அதன் அருகே இருக்கும். இது அதற்கு மேலே, பிளவின் நடுக்கோட்டில், ஒன்றோ இரண்டோ ஊசித்துளை அளவுப் புள்ளிகளாக இருக்கும். சூரணம் குடித்து ஆறாது. சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போட்டால் தோல் வெந்துபோகும். வலித்து வீங்கிச் சீழ் கோத்துவிட்டால், மாத்திரையால் மட்டும் தீராது. மருத்துவர் மரக்க ஊசி போட்டுக் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் அறுவை சிகிச்சை. துளைகளை மட்டும் எடுப்பதிலிருந்து, பக்கத்துத் தோலைத் திருப்பி மூடுவது வரை பல முறைகள் இருக்கின்றன. தையல் பிளவின் நடுவில் விழாமல் ஒரு பக்கமாகத் தள்ளி விழுந்தால் புண் சீக்கிரம் ஆறும், மறுபடி வருவதும் குறையும். மருத்துவரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கேட்பதில் தப்பில்லை.

ஆறிய பிறகு அந்த இடத்தில் வீட்டில் ரேசர் போடுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். ரேசர் போட்டவர்களுக்குத்தான் பின்னாளில் மறுபடி அதிகம் வந்தது என்று ஜெர்மன் மருத்துவர்கள் கண்டார்கள். கழுத்தில் பார்த்த அதே கூர்முனைதான் இங்கேயும் காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது. லேசர் வேறு மாதிரி. அமெரிக்காவில் 11 முதல் 21 வயது வரையுள்ள 302 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் திரும்ப வந்தது. லேசரும் சேர்த்துச் செய்துகொண்டவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் வந்தது.

"ஆஸ்பத்திரின்னா எங்கீங்ண்ணா? வெளிய சொல்லவே கூச்சமா இருக்குதுங்க."

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 12.1.2022 அன்று திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சீட்டு எழுதும் இடத்தில் "சர்ஜரி ஓ.பி." என்று சொன்னால் போதும், கட்டி எங்கே என்று வரிசையில் நின்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பவர்கள். எத்தனை முறை உடைந்தது, கடைசியாக எப்போது, என்ன மருந்து சாப்பிட்டீர்கள், சர்க்கரை உண்டா என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டுப் பிரிக்கும் வரை வண்டி ஏற வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், அந்த நாட்களுக்கு மாற்று ஆள் போட்டுத் தருவது வண்டி முதலாளியின் கடமை. ஓட்டுநர் உட்கார முடியாமல் ஓட்டும் வண்டி ரோட்டில் போகும் எல்லோருக்கும் ஆபத்து.

இதுவரை வராதவர்களும் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடியில் தெரியாத இடம், அடுத்தவரிடம் காட்டவும் மனம் வராது. குளித்துவிட்டு வந்து, செல்போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நடுக்கோட்டில் கறுப்புப் புள்ளி மாதிரித் துளையோ, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முடியோ தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் அடுத்த லோடுக்கு முன்னால் ஒருமுறை காட்டிவிடுங்கள். சீழ் வைக்கும் முன் போனால் வேலை சின்னது. படத்தை அழித்துவிடலாம்.